அண்ணிக்கு ஒரு வேலைக் கடிதம்

"அது சும்மாதான் இருக்கு" என்று மனைவியைப் பற்றிச் சொல்லும் ஆண்களின் கையில் பெரும்பாலும் ஒரு குவளை இருக்கும். அதில் தேநீர் இருக்கும், ஆவி பறக்கும். அதைப் போட்டது யார் என்று கேட்க எனக்குக் கொடுக்கப்பட்ட படிவத்தில் இடமில்லை.

இரண்டு வருடங்கள் நான் ஓர் ஆய்வுக்காகச் செம்பனைத் தோட்டம் தோட்டமாகப் போய் வந்தேன். வீட்டு வேலையைப் பற்றிய ஆய்வு அது. சம்பளத்துக்குச் செய்யப்படுவது எவ்வளவு, சம்பளமில்லாமல் செய்யப்படுவது எவ்வளவு, யார் செய்கிறார்கள், எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுத வேண்டும். கோலா பிலாவிலிருந்து பகாவ் வரையிலான தோட்டங்களில் இன்னும் மிச்சமிருக்கிற தமிழ்க் குடும்பங்கள் என் பங்கு. கதவைத் திறப்பது பெண்ணாகத்தான் இருக்கும். "ஆய்வா? இருங்க, அவர கூப்புடறேன்" என்று உள்ளே போய்விடுவார். பிறகு அந்த அவர் வந்து உட்கார்ந்து, தன் மனைவியின் நாள் எப்படிப் போகிறது என்று எனக்குச் சொல்வார். மனைவி கதவோரம் நின்று, வேறு யாருடைய கதையையோ கேட்பவரைப் போலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"காலைல பசியாற செய்யும். அப்பறம் என்னா, டிவி பாக்கும். வேற ஒன்னும் இல்லலா."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதில் சொல்பவரோடு வாதாடக் கூடாது என்று சொல்லித்தான் எங்களை அனுப்பியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவேன். அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வாரக் கடைசியில் எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் போவேன். அங்கே அண்ணி போட்டுக் கொடுக்கும் தேநீரைக் குடித்துக்கொண்டே, இந்த ஆம்பிளைகளைப் பாருங்கள் அண்ணி என்று அண்ணியிடமே கொட்டுவேன். அண்ணி தலையாட்டிக் கேட்பார். நான் குடித்து முடித்த குவளையையும் அவர்தான் கழுவுவார். அதில் இருக்கும் கோணல் எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை.

அப்பாவுக்குப் பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். அண்ணன் செம்பனை எண்ணெய் மில்லில் வேலை செய்கிறார், குடும்பத்தோடு தோட்டத்திலேயே இருக்கிறார். தங்கை நான், சிரம்பானில் இருக்கிறேன். எட்டு வருடங்களுக்கு முன் அப்பா குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் குழறிப் போனது. அதுவரை அண்ணி தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழம் பொறுக்கும் வேலையில் இருந்தார். விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒவ்வொருவர் பேராக வாசிக்கும்போது அண்ணியின் பேரும் வாசிக்கப்படும். அப்பா விழுந்த மாதத்தோடு அது நின்றது. வேலையை விடச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. விடட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் அதை மழை பெய்வதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். எட்டு வருடத்தில் அப்பாவின் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. கிளினிக்கிலிருந்து எப்போதாவது வந்து பார்க்கும் தாதி, மிஸ்ஸி என்போம், அதைப் பார்த்து ஆச்சரியப்படுவார். "பாகுஸ், ரொம்ப நல்லா பாத்துக்குறீங்க" என்று பாராட்டுவார். அண்ணனைப் பார்த்துத்தான் சொல்வார். அண்ணனும் அடக்கமாகச் சிரித்து அதை வாங்கிக்கொள்வார்.

ஆய்வுக்கு ஒரு படிவம் உண்டு. ஒரு நாளை அரை அரை மணி நேரமாகப் பிரித்துக் கட்டம் போட்டிருப்பார்கள். ஒரு கட்டத்தில் ஒரு வேலைதான் எழுதலாம், முக்கியமானதை மட்டும். களத்துக்குப் போகுமுன் யாரிடமாவது எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். நான் அண்ணியிடம் கொடுத்தேன். அவர் பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"அப்பாவுக்குக் கழுவி விட்டுக்கிட்டு இருக்கேன். அடுப்புல சோறு கொதிக்குது. வாஷிங் மெஷின் நின்னுருச்சான்னு காது அங்க இருக்கு. இதுல எதும்மா முக்கியம்?"

எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பிடித்துப் போனது. ஆய்வுக் குழுவின் கூட்டத்தில் அதை எடுத்துச் சொன்னேன். எல்லோரும் ஆகா என்றார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணிக்கு அதனால் என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்கவில்லை. அவருடைய களைப்பை எடுத்துக்கொண்டு போய் நான் பேர் வாங்கினேன். இன்று நினைத்தாலும் எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது அண்ணி அதைச் சொன்னார். பகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்களாம், படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள. காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை. பஸ் இருக்கிறது.

"நான் போவலாம்னு இருக்கேன்" என்றார்.

அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "அங்க போயி யாரோ கெழவனுக்குப் பீ அள்ளப் போறியா? இங்க அப்பா கெடப்பாரு, நீ அங்க போவ. தோட்டமே சிரிக்கும்லா."

"இங்க அள்ளுறப்ப யாரும் சிரிக்கலியேண்ணே?" என்று நான் பாய்ந்தேன். அதோடு நிற்கவில்லை. எந்த வேலைக்கும் விலை உண்டு, உரிமை உண்டு, அண்ணி என்ன அடிமையா என்று நான் பேசிய பேச்சு பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். அண்ணன் முகம் கறுத்துப் போனது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அண்ணி நான் முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அவரு நைட் ஷிப்டுக்கு மாத்திக்கட்டும். பகல்ல வீட்டுல இருப்பாரு. செவ்வா, வியாழன் மட்டும் நீ வந்து அப்பாவ பாத்துக்கம்மா. அன்னிக்கி அவரு தூங்கட்டும்."

"எனக்கு வேலை இருக்கே அண்ணி" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கூட்டாளி கிடைத்த நிம்மதியோடு பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னைக் கொன்றது. செவ்வாயும் வியாழனும் வருகிறேன் என்று அங்கேயே சொன்னேன். அண்ணன் கை கழுவ எழுந்து போனார்.

அவர் போன பிறகு அண்ணி என்னிடம், "அப்பாவ பாக்கப் புடிக்காம இல்லம்மா. ஒரு எடத்துக்குப் போனா நான் வந்துட்டேனான்னு யாராச்சும் கேக்கணும், அவ்ளோதான்" என்றார்.

இல்லத்தின் விண்ணப்பப் படிவம் மலாயில் இருந்தது. அண்ணி மலாய் சரளமாகப் பேசுவார், எழுத வராது. அதனால் நான் நிரப்பினேன். படிவம் நிரப்புவதுதானே என் பிழைப்பு. பேர், அடையாள அட்டை எண், முகவரி, படிப்பு என்று மளமளவென்று போனேன். வேலை அனுபவம் என்ற இடத்தில் 'தியாடா' என்று எழுதினேன். இல்லை என்று அர்த்தம். பழம் பொறுக்கியது இந்த வேலைக்கு எதற்கு உதவும் என்று ஒரு நொடி நினைத்ததாக ஞாபகம். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. நீட்டினேன், அண்ணி கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அப்பாவுக்குப் பக்கத்து வீட்டு ஆளைத் துணைக்கு வைத்துவிட்டு அண்ணியைக் காரில் கூட்டிக்கொண்டு பகாவ் போனேன். இல்லத்தை நடத்துபவர் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சீன அம்மாள். படிவத்தைப் படித்தவர் உதட்டைப் பிதுக்கினார். அனுபவம் இல்லாதவர்களைப் படுக்கையில் இருப்பவர்களிடம் விட முடியாது, தூக்கத் தெரியாமல் தூக்கினால் எலும்பு உடையும் என்றார். துணி துவைக்கும் பிரிவில் இடம் வந்தால் கூப்பிடுவதாகச் சொன்னார்.

அண்ணி கையை நீட்டிப் படிவத்தைத் திரும்ப வாங்கினார். எழுத வராவிட்டாலும் அந்த ஒரு சொல்லை வாசிக்க அவருக்குத் தெரியும். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். 'எட்டு வருசம் நான் என்ன புடுங்கிக்கிட்டா இருந்தேன்?' என்று கேட்டிருக்கலாம், கேட்டால் தகும். மேசையிலிருந்த பேனாவை எடுத்து நான் எழுதியதை அடித்தார். மேலே தமிழில் எழுதினார்: மாமனார், எட்டு வருசம்.

"இது என்ன?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார்.

என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. பக்கவாதத்தில் விழுந்த மாமனாரை எட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறார் என்று சொன்னேன். எங்கே என்று கேட்டார். எங்கள் வீட்டில் என்றேன். ஓ, குடும்பத்திலா, அது வேலையில் சேராதே என்றார். இதே பதிலை எத்தனையோ வீடுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். அன்று அது முடியவில்லை. எட்டு வருடத்தில் ஒரு படுக்கைப் புண்கூட வந்ததில்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் அப்போதுதான் அண்ணியை முதன்முதலாகப் பார்த்தார். எப்படி என்று நேராக அண்ணியிடம் கேட்டார். அண்ணி மலாயில், கையால் காட்டிக் காட்டி விளக்கினார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டும், குதிகால் மெத்தையில் படக் கூடாது, விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. அவர் கேட்கக் கேட்க இவர் சொன்னார். நான் ஒருத்தி அங்கே இருப்பதையே இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். கடைசியில் அந்த அம்மாள், உன்னை நம்புகிறேன், ஆனால் கோப்பில் வைக்க எனக்குத் தாள் வேண்டும் என்றார். முன்பு வேலை கொடுத்தவரிடம் எழுதி வாங்கிவரச் சொல்லி ஓர் அரைத் தாளை நீட்டினார்.

அன்று சாயங்காலம் அந்தத் தாளை அண்ணன் முன்னால் வைத்தேன். வேலை கொடுத்தவர் பெயர், வேலையின் தன்மை, எப்போதிலிருந்து எப்போது வரை, கையெழுத்து.

"நான் என்னா மொதலாளியா? பொண்டாட்டிக்கு சர்டிபிகேட் எழுதிக் குடுத்தவன எங்கயாச்சும் பாத்திருக்கியா நீ?"

"ஒரு கையெழுத்துதானேண்ணே. என்னா கொறஞ்சிடும்?"

அவர் தாளைத் தள்ளி வைத்தார். அண்ணி அப்பாவின் அறையில் இருந்தார். அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போட்டா அது போயிரும்லா. அப்பறம் இதெல்லாம் யாரு செய்யிறது?"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்களுக்குத் தெரியவில்லை, எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஆய்வே அந்த நம்பிக்கையில்தான் நடந்தது. தெரியாமல் என்ன? எல்லாம் தெரியும். எவ்வளவு வேலை, எவ்வளவு பாரம், அந்த ஓர் ஆள் நகர்ந்தால் எது எது சரியும் என்று துல்லியமாகத் தெரியும். தெரிந்துதான் 'சும்மா இருக்கு' என்கிறார்கள். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. படிவம் நிரப்பும்போது என் கையைப் பிடித்து யாரும் 'தியாடா' எழுத வைக்கவில்லை.

தாளை என் பக்கம் இழுத்தேன். வேலை கொடுத்தவர் என்ற இடத்தில் என் பேரை எழுதினேன். அண்ணி பார்த்துக்கொண்டவர் என் அப்பாவும்தான். எட்டு வருடம் ஒரு நாள்கூட லீவு கொடுக்காத முதலாளிகளில் நானும் ஒருத்தி. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. மில்லில் ஷிப்டு மாற்றக் கேட்கிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பகலில் வீட்டில் இருப்பேன் என்றார். அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை, வீட்டில் இருப்பேன் என்றுதான் சொன்னார். அடித்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

தாளை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனேன். அண்ணி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மற்ற இடங்களை நிரப்பினேன். என்ன வேலை என்பதற்கு இடம் போதவில்லை, பின்பக்கம் திருப்பி எழுதினேன். கடைசியாக ஓர் இடம் இருந்தது. இதை மட்டும் அண்ணியிடம் கேட்டு எழுதலாம் என்று நினைத்தேன்.

"வேலைய விட்டதுக்குக் காரணம் என்னான்னு கேட்டிருக்கு அண்ணி. என்னா போடட்டும்?"

அண்ணி அப்பாவின் மோவாயில் வழிந்த கஞ்சியைத் துடைத்தார். அடுத்த கரண்டியை எடுத்து ஊதினார்.

"நான் எங்கம்மா விட்டேன்? மூணு மணிக்கு அங்க முடிச்சா நாலு மணிக்கு இங்க வந்து மறுபடியும் இதேதானே. இன்னும் விடலன்னு எழுது."