வெற்றுத் தாளில் மெம்பர் கையெழுத்து

அபுதாபி ருவைஸில், தொழிலாளர் கேம்ப் கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, கையில் பக்கெட், அதற்குள் சோப்பும் செருப்பும். யாரும் விரட்டவில்லை. போகாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

எட்டாவதைப் பாதியில் விட்டவன் நான். ஊரில் ஐந்து வருஷம் வார்டு மெம்பராக இருந்தேன். கூட்டத்துக்குப் போனால் கிளார்க் தீர்மான நோட்டை நீட்டுவார். பக்கம் காலியாக இருக்கும். அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். தீர்மானத்தை அவர் பிறகு எழுதிக்கொள்வார். அடுத்த தேர்தலில் தோற்றேன். அப்புறம் திருப்பூர், மஸ்கட்டில் ரூவி, கடைசியில் இங்கே.

கேம்ப்பில் எல்லாருக்குமாக ஆபீசில் பேச ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். "நம்ம மெம்பரே இருக்காரே" என்று கை தூக்கினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். தண்ணீர் டேங்கைக் கழுவ வைத்தேன், இரண்டு ஏசியை மாற்ற வைத்தேன். என் சாதனை அவ்வளவுதான்.

ரிஃபைனரியை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை வந்தது. கேம்ப் பாஸ் ஒரு தாளை நீட்டினார். "மீட்டிங் அட்டெண்டன்ஸ், பாய். சைன் கரோ, ஜல்தி." மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பழக்கத்தில் போட்டேன்.

மறுநாள் அந்தத் தாள் மெஸ் கதவில் ஒட்டியிருந்தது. ஷட்டவுன் முடியும்வரை யாரும் லீவு கேட்க மாட்டோம், இது எங்கள் சொந்த விருப்பம் என்று அதில் டைப் அடித்திருந்தது. அடியில் என் கையெழுத்து.

என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுப்பவர் அரியலூர்க்காரர். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். லீவு கிடைத்திருந்தது; ஷட்டவுன் முடியப் புரட்டாசி ஆகிவிடும்.

"மெம்பரண்ணே, இது ஒங்க கையெழுத்தா?"

"ஆமாப்பா. நான் போடறப்ப தாள்ல ஒண்ணும் எழுதல."

"எழுதாத தாள்ல எதுக்குண்ணே போட்டீங்க?"

"ஊர்ல அப்படித்தான் போடுவோம்."

"ஊருக்குத் தாள்லயே ரோடு போட்ட மாதிரி நமக்கும் போட்டுட்டாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அரியலூர்க்காரர் சிரிக்கவில்லை. போனைப் போட்டு என் கையில் கொடுத்தார். "பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"அப்பா, டிக்கெட் போட்டாச்சா?" என்றது அந்தப் பெண்.

"நான் அப்பா இல்லம்மா" என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆபீசுக்கு ஓடினேன். அவருக்கு மட்டுமாவது லீவு விடுங்கள் என்று கெஞ்சினேன். "மாஃபி. சைன் ஹோ கயா, கலாஸ்" என்றார் பாஸ்; கிடையாது, கையெழுத்துப் போட்டதோடு முடிந்தது என்று. அப்படியானால் என்னை வேறு சைட்டுக்கு மாற்றுங்கள் என்றேன். அதை மட்டும் உடனே தந்தார். "யல்லா, போ."

பையையும் பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை நடந்தேன்.

மறுநாள் காலை, சாலை போடும் சைட். ஃபோர்மேன் மலையாளி.

"எங்கயாவது கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டா. கொடி பிடிச்சா மதி, அது போதும்."

சிவப்புக் கொடி ஒன்றைக் கொடுத்து, லாரிகள் திரும்பும் முனையில் என்னை நிறுத்திவிட்டுப் போனார்.