சம்மணமிட்டு ஓட்டிய கார்

புதுச்சேரியிலிருந்து சென்னைக்குத் தனியாகப் புறப்பட்டேன். ஊரைத் தாண்டியதும் வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் குரூஸ் கண்ட்ரோலை எழுபது கிலோமீட்டரில் போட்டேன். ஆட்டோமேட்டிக் கார் என்பதால் கிளட்சும் இல்லை; இரண்டு கால்களுக்கும் வேலையில்லை. இருக்கையிலேயே சம்மணமிட்டுக்கொண்டேன்.

பிள்ளைச்சாவடியில் மீன் விற்கும் அம்மா ஒருவர் கூடையோடு சாலையைக் கடந்தார். வலது காலை விடுவித்து பிரேக்கை மிதிப்பதற்குள் கார் அவரை நெருங்கிவிட்டது. ஒரு முழ இடைவெளியில் நின்றது. கூடை விழுந்து மீன்கள் சிதறின.

அவர் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். என் இடது கால் இன்னும் மடங்கியே இருந்தது.

“ஏம்பா, வண்டி ஓட்டுறியா, பந்தியில குந்திக்கினு இருக்கியா?”

இறங்கி மீன்களைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

இப்போது ஆள் நடமாட்டமில்லாத நெடுஞ்சாலையில் மட்டும்தான் குரூஸ் கண்ட்ரோல். அது வேகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும். குறுக்கே வருபவரை நான்தான் பார்க்க வேண்டும். அப்போதும் வலது கால் பிரேக்கின் பக்கத்திலேயே இருக்கும்.