கோடு கீறச் சொன்னார்கள்

அந்தக் குளிர்காலத்தில் செய்தியைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போவது எனக்கு வழக்கமாகியிருந்தது. ஒக்டோபரில் நடந்த கொலைகள், அதன்பின் காசாவில் தொடங்கிய போர், இடிபாடுகளுக்குள் பிள்ளைகளைத் தேடும் கைகள். பகல் முழுவதும் கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், கார்டெரி எனும் பிள்ளைகள் காப்பகமொன்றில் சின்னப் பிள்ளைகளுக்குச் சோறூட்டி, நித்திரையாக்கிவிட்டு வருகிறவள் நான். அந்தக் காட்சிகளை என்னால் தாங்க முடியவில்லை.

மகள்தான் சொன்னாள். "அம்மா, பார்த்துப் பார்த்து அழுறீங்கள். உது ஏன் நடக்குது எண்டு படிச்சாவது பாருங்கோவன்."

அவளே ஒரு வகுப்பில் என் பெயரைப் பதிந்தும் விட்டாள். நகரின் நடுவில் ஒரு கல்லூரியில், பெரியவர்களுக்கான சனிக்கிழமைக் காலை வகுப்பு. நாடுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தைகளின் வரலாறு. பன்னிரண்டு பேர் இருந்தோம். ஆசிரியை கியூபெக்காரி, மெதுவாகப் பேசுகிறவர். என் பிரெஞ்சுக்கு அது வசதியாக இருந்தது.

ஐந்தாவது வாரம் அவர் பலஸ்தீனப் பிரிவினையை எடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில் பிரித்தானியா இனித் தன்னால் முடியாது என்று கைவிரித்து, விஷயத்தை உலக நாடுகளின் சபையிடம் ஒப்படைத்தது. சபை பதினொரு நாடுகளிலிருந்து ஒரு குழுவை அனுப்பியது. கனடாவிலிருந்தும் ஒரு நீதிபதி போனார். குழு திரும்பி வந்தபோது அதற்குள்ளேயே இரண்டு கருத்து. பெரும்பான்மையினர் நாட்டை யூதருக்கும் அரபியருக்கும் இரண்டாகப் பிரிக்கச் சொன்னார்கள். மூன்று நாடுகள் மட்டும் ஒரே நாடு, அதற்குள் கூட்டாட்சி என்றன. ஆசிரியை பிரெஞ்சில் சொன்ன அந்தச் சொல் என் காதுக்குள் 'சமஷ்டி' என்றே விழுந்தது. சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த ஆண்கள் எல்லோரும் பேசிய சொல்.

"நாமும் அந்தக் குழுவை வகுப்பில் நடத்திப் பார்ப்போம்" என்றார் ஆசிரியை. பிறகு தயங்கினார். "இப்போது போர் நடக்கிறது. யாருக்காவது வேண்டாமென்று பட்டால் சொல்லுங்கள், விட்டுவிடலாம்."

எல்லோரும் இரண்டு பேரைத்தான் பார்த்தோம். ஒருவர் ஓய்வுபெற்ற யூதப் பல்மருத்துவர், எழுபத்தேழு வயது அம்மா. உலக யுத்தம் முடிந்தபின் ஜெர்மனியில் ஓர் அகதி முகாமில் பிறந்தவர் என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். மற்றவர் பக்கத்து நகரான லவாலில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய தகப்பனார் ஒன்பது வயதில் பலஸ்தீனத்திலிருந்து லெபனானுக்கு நடந்து போனவர்.

"நடத்துங்கள்" என்றார் மருந்துக்கடைக்காரர். அந்த அம்மாவும் தலையசைத்தார்.

ஆசிரியை அவர்கள் இருவரின் பக்கத்தையும் மாற்றிக் கொடுத்தார். அந்த அம்மா அரபியருக்காகப் பேச வேண்டும், மருந்துக்கடைக்காரர் யூதருக்காக. உண்மையில் அன்று அரபுத் தலைமை குழுவைப் புறக்கணித்திருந்தது. நம் வகுப்பில் அவர்கள் வருவதாக வைத்துக்கொள்வோம் என்றார். கார்டெரியில் வேலை செய்கிற எனக்குக் கை நேர்த்தி என்று நினைத்தாரோ என்னவோ, எல்லைக் கோட்டை வரைவது என் பொறுப்பாயிற்று.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் அந்த வரைபடப் பிரதியை விரித்தேன். ஊர்கள் கறுப்புப் புள்ளிகள். எந்தப் பகுதியில் யார் அதிகம் என்று காட்டச் சாயம் வேறு. பென்சிலால் கீறி அழித்து, கீறி அழித்து, தாள் மெலிந்துவிட்டது. எப்படிக் கீறினாலும் யாரோ மறுபக்கத்தில் நின்றார்கள்.

கணவர் தேத்தண்ணியோடு வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன, நாடு பிரிக்கிறியோ?"

"ஓம். வருகுதில்லை. சமஷ்டி எண்டு எழுதிக் குடுத்திடுவமோ எண்டு யோசிக்கிறன்."

"சமஷ்டி கேட்டுத்தானே நாங்கள் முதலிலை அடி வாங்கினது" என்றார். "கீறிக் குடு. எங்களுக்கும் ஆரும் அப்ப ஒரு கோடு கீறித் தந்திருந்தா, இவ்வளவு சனம் செத்திருக்குமோ?"

அவர் அண்ணனைப் போரில் பறிகொடுத்தவர். அந்தக் கேள்வியை அவர் கேட்கும்போது நான் பதில் சொல்வதில்லை. ஆனால் அன்றைக்கு வாயில் வந்துவிட்டது.

"கோட்டுக்கு இங்காலை நிண்ட மற்றச் சனம்? தொண்ணூறிலை நாங்கள் என்ன செய்தனாங்கள்?"

அவர் முகம் மாறியது. "இப்ப ஏன் அதைக் கதைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுக் கோப்பையோடு போய்விட்டார்.

நான் கோட்டைக் கீறி முடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை மருந்துக்கடைக்காரர் முதலில் பேசினார். மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பதை வாசிப்பதுபோல, ஏற்ற இறக்கமில்லாமல், வேகமாக. ஐரோப்பாவில் எங்களைக் கொன்றார்கள்; மிச்சமிருக்கிறவர்கள் முகாம்களில் இருக்கிறோம்; எந்த நாடும், இந்தக் கனடாவும், எங்களுக்குக் கதவைத் திறக்கவில்லை; எங்களுக்கென்று ஒரு வாசலாவது வேண்டும். ஒரு வசனத்தையும் விடாமல் வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு அந்த அம்மா எழுந்தார். கையில் தாள் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. அவர் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "உங்களுக்கு நடந்தது கொடுமை என்று எங்களுக்குத் தெரியும். அதைச் செய்தவர்கள் நாங்கள் இல்லை. என் தகப்பன் நட்ட மரத்தின் கீழ் நான் நிற்கிறேன். தூரத்து நகரமொன்றில், நான் முகம் கண்டிராத மனிதர்கள் கை உயர்த்தி, நாளையிலிருந்து அந்த மரம் இன்னொரு நாட்டில் இருக்கும் என்கிறார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை." கடைசி வசனத்தில் அவர் குரல் உடைந்தது.

அதற்குப் பிறகு நான் போய் என் வரைபடத்தைச் சுவரில் ஒட்ட வேண்டியிருந்தது.

மருந்துக்கடைக்காரர் எழுந்து கிட்ட வந்து பார்த்தார். வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், புள்ளியில்லாத ஒரு வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"என் தகப்பனின் ஊர் இங்கே. சின்ன ஊர். உங்கள் படத்தில் இல்லை."

ஊர் யூதருக்கான பக்கத்தில் விழுந்திருந்தது.

"என்ன காரணத்தால் இந்தப் பக்கம் போட்டீர்கள்? உண்மையாகத்தான் கேட்கிறேன்."

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அந்த இடத்தில் கோடு மிகவும் வளைந்தது. நேராக்கினேன்."

அவர் சிரித்தார். கோபமான சிரிப்பில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. கதிரையிலிருந்த குளிர்ச்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போனார். மிச்சப் பேர் வாக்களித்தோம். என் கோடு வென்றது.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. இடைவேளையில் அந்த அம்மா என்னிடம் வந்தார். "நான் பேசியதுதான் பிழையா? போய்ப் பார்க்கலாமென்று நினைத்தேன். ஆனால் நான் போனால், என்னைச் சமாதானப்படுத்துகிற வேலையும் அவர் தலையில் விழும்."

நான் இருப்பதும் லவாலில்தான். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் அவருடைய கடைக்குப் போனேன். இருமல் பாணி வாங்கப் போனவள்போல வரிசையில் நின்றேன். என்னைக் கண்டதும் உதவியாளரிடம் இடத்தைக் கொடுத்துவிட்டு, ஊசி போடும் சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"கோட்டுக்காக மன்னிப்புக் கேட்க வந்தீர்களா?" என்றார்.

"இல்லை. வேறொன்று சொல்ல வந்தேன்."

என் சனம் கோடு கேட்ட சனம் என்று சொன்னேன். கேட்டதற்கு நியாயம் இருந்தது. எங்களை எரித்தார்கள், துரத்தினார்கள். பாடசாலையில் என் பக்கத்தில் இருந்து படித்தவள் ஒரு முஸ்லிம் பிள்ளை. தொண்ணூறாம் ஆண்டு, எனக்குப் பதினைந்து வயது. ஒருநாள் எங்கள் இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது, முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேண்டும் என்று. அவளும் தாயும் தம்பிமாரும் எங்கள் வீதியால்தான் நடந்து போனார்கள். அம்மா படலையைச் சாத்தினார். நான் யன்னலுக்குப் பின்னால் நின்றேன். அவள் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். நான் வெளியே போகவில்லை. கைகூடக் காட்டவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஏன் அவரிடம் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார். "உங்களுக்குக் கோடு கிடைத்ததா?"

"இல்லை. அதற்குள் எத்தனையோ ஆயிரம் பேர் செத்துப்போய்விட்டார்கள்."

வெளியே யாரோ மணியை அழுத்தினார்கள். அவர் எழும்பவில்லை.

"நான் உங்கள் கோட்டுக்காக எழுந்து போகவில்லை" என்றார். "என் தகப்பன் அந்த ஊரைப் பற்றிச் சாகும்வரை வாய் திறக்கவில்லை. நான் கேட்டால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். அவர் சொல்லியிருக்க வேண்டியதை அந்த அம்மா சொன்னார். அதுவும் ஒரு யூத அம்மாவின் வாயிலிருந்து. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை."

"வகுப்புக்கு வாருங்கள்" என்றேன். "அந்த அம்மா நித்திரையில்லாமல் இருக்கிறார்."

கடைசிச் சனிக்கிழமை அவர் வந்தார். இடைவேளையில் கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் நின்ற அந்த அம்மாவிடம் நேரே போனார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன், ஆனால் காது கேட்டது.

"உங்கள் தாய் முகாமில் எவ்வளவு காலம் காத்திருந்தார்?"

"மூன்று வருடம். பிறகு கனடா கதவைத் திறந்தது. சித்தி காத்திருக்கவில்லை, பலஸ்தீனத்துக்குப் போய்விட்டார்." அந்த அம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "அவர் வேறு எங்கே போயிருக்க முடியும், சொல்லுங்கள்?"

"உங்கள் சித்திக்குப் போக இடமில்லை என்று எனக்குத் தெரியும். அதை நானே வாசித்தேனே. என் தகப்பன் எங்கே போவார் என்று யாராவது கேட்டார்களா?"

"இல்லை" என்றார் அந்த அம்மா. "எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை."

அவர்கள் கட்டிப்பிடித்து அழவில்லை. அந்த அம்மா இன்னொன்று சொல்லப்போக அவர் மறுத்தார். அவர் ஒன்று சொல்ல அந்த அம்மா முகம் சிவந்து, "அதை நான் ஏற்கமாட்டேன்" என்றார். குரல்கள் உயர்ந்தன. ஆசிரியை கதவடியில் வந்து நின்று பார்த்துவிட்டு, இடைவேளையைப் பத்து நிமிடம் நீட்டினார்.

அன்று ஆரஞ்சு வழி மெட்ரோ ரயிலில் லவால் வரைக்கும் மருந்துக்கடைக்காரரும் நானும் ஒன்றாக வந்தோம். அந்த அம்மா அடுத்த வியாழக்கிழமை தன் கடைக்கு வரப்போவதாக அவர் சொன்னார்.

"மருந்துக்கா?"

"இல்லை. அவருடைய மருந்துக்கடை அவர் வீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. கதைக்கத்தான் வருகிறார்."

"என்ன கதைப்பீர்கள்?"

அவர் யோசித்தார். "தெரியாது. முதல் மணித்தியாலம் சண்டைதான் பிடிப்போம் என்று நினைக்கிறேன்" என்றார். பிறகு தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, இறங்குவதற்காக எழுந்தார்.