நெஞ்செரிச்சல் மருந்து யாருக்கு?

இன்னிக்கு சிம்பாங் பூலாய் மருந்துக்கடையில நெஞ்செரிச்சல் மருந்து வாங்கப் போனேன். மூணு வருஷமா "என் மனைவிக்கு"ன்னு சொல்லித்தான் வாங்குறேன்.

இன்னிக்கு கடையில இருக்கிற பார்மசிஸ்ட் தங்கச்சி விடல. "அக்கா குண்டா, அண்ணே?"

"ஆமாலா, நல்ல குண்டு."

"வயித்துக் கொழுப்பு ஆசிட்ட மேல தள்ளும். வருஷக்கணக்கா எரிஞ்சா உணவுக்குழாய்ல கேன்சர் வர்ற வாய்ப்பு கூடும். வாய் வழியா கேமரா விட்டு ஸ்கோப் பண்ணிப் பாக்கச் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து என் மனைவி "என்னங்க"ன்னு கூப்பிட்டுக்கிட்டே உள்ள வந்தா. ஒல்லிக்குச்சி. கையில எனக்கு வாங்குன ரெண்டு பொட்டலம் நாசி லெமாக், தேங்காப்பால் சோறு.

தங்கச்சி அவளப் பார்த்தா. என் வயித்தப் பார்த்தா. அப்புறம் பேனாவ எடுத்தா.

"டாக்டருக்கு லெட்டர் தாரேன். யார் பேரு போடட்டும், அண்ணே?"

மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு தெரியல. என் பேரச் சொன்னேன், மெதுவா.

ஸ்கோப் பண்ணா வலிக்குமா? பண்ணவங்க சொல்லுங்கலா.

மனைவிக்குத்தான் கேக்குறேன்.