நடத்தை: நன்று

அந்தத் தாள் இரண்டு பாலிதீன் கவர்களுக்குள் வந்தது. மீன் ஈரம் படக்கூடாது என்று என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுச் சுருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். காலை மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வகுப்பு வாசலில் கூடையை இறக்கிவைத்து, முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கவரைப் பிரித்தார். "ஆஸ்பத்திரியில குடுத்தாங்க டீச்சர். வூட்டுக்கு ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு. வூட்டுது நர்சம்மா கேக்கக் கேக்க நான் சொல்லிட்டேன். இது நீங்கதான் எழுதணுமாம். ஏதோ நாலெழுத்து சொன்னாங்க, அது எம்பொண்ணுக்கு இருக்குதான்னு பாக்கணுமாம்." அந்த நாலெழுத்து ஏ.டி.எச்.டி. என்று தாளின் தலைப்பிலேயே அச்சாகியிருந்தது; கவனம் ஓரிடத்தில் நிற்காத, அளவுமீறித் துறுதுறுக்கும் குறைபாடு என்று கீழே தமிழிலும் இருந்தது.

அவள் அப்போது நான்காம் வகுப்பு, நான் வகுப்பாசிரியை. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா தினமும் கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் கூடையோடு டெம்போவில் டவுனுக்கு வந்து, மகளை எங்கள் பள்ளியில் விட்டுவிட்டுப் பெரிய மார்க்கெட்டுக்குப் போவார். ஸ்டாஃப் ரூமில் அந்தப் பிள்ளைக்குப் 'பம்பரம்' என்று பெயர். அவள் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பென்சிலை இரண்டு பக்கமும் சீவிச் சீவிக் கட்டைவிரல் அளவுக்குக் கொண்டுவந்துவிடுவாள். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். அது வேறு ஏதோ கேள்விக்கான பதிலாக இருக்கும். வீதியில் சாணை பிடிப்பவர் சத்தம் கேட்டால் ஜன்னலில் தொங்குவாள். ஒருநாள் டிபன் பாக்ஸ் வரும், மூடி வராது. மறுநாள் மூடி மட்டும் வரும். ஆனால் எனக்குத் தலைவலி என்றால் முதலில் கண்டுபிடிப்பவளும் அவள்தான். "இன்னிக்கு நீங்க கத்த வேணாம் டீச்சர், நான் கத்துறேன்" என்று எழுந்து நின்று வகுப்பையே அடக்குவாள். ஒருநாள் மாலை, பள்ளிக்கு எதிர்ப்பக்கம் அம்மாவைக் கண்டதும் ரோட்டைப் பார்க்காமல் ஓடி, ஸ்கூட்டரில் மோதித் தாடையில் நாலு தையல். தையல் போட்ட டாக்டர் இவளைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுத்தான் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு எழுதிக்கொடுத்திருந்தார்.

தாளில் இரண்டு பக்கம் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி. பொருட்களைத் தொலைக்கிறாளா, இடத்தைவிட்டு எழுந்துவிடுகிறாளா, தன் முறை வரும்வரை காத்திருக்கத் திணறுகிறாளா என்று படித்துக்கொண்டே போனேன். யாரோ என் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்து, அவளைப் பார்த்துப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. உண்மையைப் போட்டிருந்தால் நான்காவது கட்டம் மேலிருந்து கீழ்வரை நிரம்பியிருக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை' என்று ஒரு வரி வரும். பிள்ளை எப்படிப்பட்டதானாலும் அங்கே 'நன்று' என்றுதான் எழுதுவோம். மேசையை உடைத்தவனுக்கும் நன்று, பிட் அடித்தவளுக்கும் நன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு மாணவிக்குத் 'திருப்திகரம்' என்று எழுதிவிட்டேன். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "ஒரு வார்த்தையில அந்தப் பொண்ணு தலையெழுத்த மாத்திடாதம்மா. நாம எழுதுறது அதுங்க கூடவே போவும்" என்று சொல்லி வேறு சான்றிதழ் எழுதவைத்தார். அதற்குப் பிறகு என் கை வேறு வார்த்தை எழுதியதில்லை. ஆஸ்பத்திரித் தாளும் எனக்குச் சான்றிதழாகத்தான் தெரிந்தது. இல்லாத வீடு, பெண் பிள்ளை, இதில் பைத்தியம் என்கிற முத்திரையும் வேண்டுமா என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன். நோட்டு அடுக்க, தண்ணீர்க் குடம் நிரப்ப, வருகைப் பதிவேட்டை ஆபீசுக்குக் கொண்டுபோக என்று மணிக்கொரு வேலை கொடுத்து நான் அவளைச் சமாளித்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் அடங்காதவள் எனக்கு அடங்குகிறாள் என்று காட்டிக்கொள்வதில் எனக்கு ஆசை இருந்தது. எல்லாக் கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று டிக் போட்டேன். கீழே குறிப்பு எழுதும் இடத்தில், 'நல்ல குழந்தை. நடத்தை நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த வாரம் அம்மா வாயெல்லாம் பல்லாக வந்தார். "எம்பொண்ணுக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க டீச்சர். அந்த நோவு இருந்தா ரெண்டு எடத்துலயும் தெரியணுமாம். ஸ்கூல்ல நல்லாதான் இருக்குது, வூட்லதான் எதோ சரியில்லன்னு சொன்னாங்க. நான்தான் வளக்கத் தெரியாம வளத்துட்டேன்." சொல்லும்போதே முகம் மாறியது. எனக்கென்று வாழையிலையில் வவ்வால் மீன் துண்டுகளைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொண்டேன். வறுத்துச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரியாக வளர்க்க அந்த அம்மாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் பிள்ளையின் கெண்டைக்காலில் வரிவரியாகத் தடிப்புகளைப் பார்த்தேன். கேட்டதற்கு, "ஸ்கூல்ல மட்டும் எப்டிடி ஒழுங்கா இருக்குற, வூட்ல ஏன் இப்டிப் பண்றன்னு கேட்டுக் கேட்டு அம்மா அடிக்குது டீச்சர்" என்றாள். நான் களிம்பு தடவிவிட்டேன். அன்றைக்காவது ஆஸ்பத்திரிக்குப் போய், நான் எழுதியது பொய் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை வருட சர்வீஸ் உள்ள டீச்சர் பொய் எழுதினாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அவளுக்கு வேறு டீச்சர். ஆறாம் வகுப்பிலிருந்து பாடத்துக்கு ஒருவர். அவர்கள் யாருக்கும் குடம் நிரப்ப ஆள் தேவைப்படவில்லை. அவள் வகுப்பில் இருந்த நேரத்தைவிட வராந்தாவில் முட்டி போட்டிருந்த நேரம் அதிகம். கடந்துபோகும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். ஒன்பதாம் வகுப்பில் தவறிப் படிப்பை நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். நான் ஓய்வுபெற்றுக் கருவடிக்குப்பத்து வீட்டில் செடிகளோடு பொழுதைக் கழிக்கத் தொடங்கினேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். தாடைத் தழும்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இப்போது இருபது வயது. மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒன்றரை வருடத்தில் இது மூன்றாவது கம்பெனி. லேபிளை மாற்றி ஒட்டிவிடுகிறாளாம், செய்கிற வேலையைப் பாதியில் விட்டு வேறெங்கோ போய்விடுகிறாளாம். இதையும் இழந்துவிடுவோமோ என்ற பயத்தில், கூட வேலை செய்கிற ஒருத்தி சொன்னதைக் கேட்டு, தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். டாக்டர் பழைய ஃபைலைக் கேட்டிருக்கிறார். அம்மா அதைப் பத்திரமாக வைத்திருந்தார். "இந்த நோவுன்னா சின்ன வயசுலயே இருந்திருக்கணுமாம் டீச்சர். இதுல ஒண்ணுமே இல்லன்னு எழுதியிருக்குதேன்னு கேக்குறாங்க" என்று சொல்லி என்னிடம் நீட்டினாள். என் கையெழுத்து மங்கவேயில்லை. "அப்ப நான் நல்லாதான் இருந்தனா டீச்சர்? எப்பலேர்ந்து கெட்டுப் போனேன்?"

பதினோரு வருடமாக இந்தக் கேள்வியைத்தான் அவள் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "நீ கெட்டுப் போகலம்மா. அப்பவும் நீ இப்டித்தான் இருந்த. நான்தான் பொய் எழுதினேன்" என்றேன். வந்ததிலிருந்து ஆடிக்கொண்டிருந்த அவள் கால் நின்றது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "எல்லாமேவா டீச்சர்?" என்றாள். எல்லாமேதான் என்றேன். "அப்ப நான் எதையும் வேணும்னே பண்ணல, இல்ல?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் அழுகையால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிறகு உட்கார்ந்து டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். பென்சில், டிபன் பாக்ஸ், ஜன்னல், நான் போட்ட டிக்குகள் என்று ஒன்று விடாமல் எழுதியதில் நான்கு பக்கம் வந்தது. முடிப்பதற்குள் அவள் மூன்று முறை எழுந்து போய்த் தோட்டத்தைச் சுற்றி வந்தாள். கடிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு கிளம்பியவளிடம், டாக்டரிடம் நானும் வருகிறேன், அதற்கு முன் அம்மாவைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டாக்டர்கிட்ட வாங்க டீச்சர். அம்மாகிட்ட மட்டும் சொல்ல வேணாம். என்னை அடிச்சதையெல்லாம் நெனச்சு நெனச்சு அழும்."