டைனமோச் சத்தம் நின்றபோது

நாங்கள் எடுத்த படத்தில் அண்ணனாக நடிக்க வகுப்பில் ஆறு பேர் முன்வந்தார்கள். சைக்கிளில் வந்து சேட்டை விடுகிறவனாக நடிக்க ஒருவரும் வரவில்லை. அந்தப் பாத்திரம் தங்களுக்குச் சரிவராது என்று ஒவ்வொருவரும் நல்ல பிள்ளைகளாகக் கழன்றுகொண்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொழுதுபட்ட பிறகு வாய்க்கால் வீதியில் அண்ணன் ஒருத்தனையும் காணக் கிடைக்காது, மற்றவன்கள்தான் வருவான்கள். படத்தில் மட்டும் எல்லாம் தலைகீழாக இருந்தது.

கிளிநொச்சியில் நான் உயர்தரம் படித்த காலம் அது. எண்பதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்தை விட்டு இறங்கி வந்த குடும்பம் எங்களுடையது. இரணைமடு வாய்க்காலை ஒட்டிய குடியேற்றத்தில் காட்டை வெட்டி, கொட்டில் போட்டு இருந்தோம். அப்பா கிடைத்த கூலி வேலைக்குப் போவார். அம்மா வயல் வேலைக்குப் போவாள். நாற்று நடுவாள், களை பிடுங்குவாள், நெல் சூடடிப்புக்கும் போவாள். நான் பள்ளிக்கூடத்தில் வடக்குப் பேச்சில் ‘ஓம்’ என்றும் வீட்டில் தோட்டப் பேச்சில் ‘ஆமா’ என்றும் சொல்லிக்கொண்டு படித்தேன்.

பௌதிகம் படிப்பித்த ஆசிரியர் பள்ளி விட்ட பிறகு பின்னேரங்களில் எங்களுக்கு மேலதிக வகுப்பு எடுப்பார். முடியும்போது வெளிச்சம் மங்கி மைமல் பொழுது ஆகிவிடும். கடைத்தெரு வரைக்கும் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு வருவோம். பிறகு மற்றவர்கள் தங்கள் தங்கள் பக்கம் பிரிந்துவிட, வாய்க்கால் வீதியில் நான் ஒருத்திதான். வீடு போய்ச் சேரும்போது நல்ல இருட்டு. அப்பாவுக்கு இந்த வகுப்பில் அரை மனதுதான். மகள் அரசாங்க உத்தியோகம் பார்க்கவேண்டும் என்று ஆசை ஒரு பக்கம், ஊர் என்ன கதைக்கும் என்ற பயம் மறுபக்கம். “பாரு புள்ள, ஒன்னயப் பத்தி ஒரு பேச்சு வந்துச்சுன்னா படிப்ப அன்னைக்கே நிப்பாட்டிருவேன்” என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர் அவர்.

அந்த வீதியில் நடந்தது இதுதான். பின்னால் சைக்கிள் வரும்போது முதலில் டைனமோச் சத்தம் கேட்கும். ரயரில் உரசிக்கொண்டு ‘கிர்ர்’ என்று வரும். வெளிச்சமும் என் காலடியில் விழும். பெரும்பாலும் அப்படியே கடந்து போய்விடுவார்கள். சில நாட்களில் அந்தச் சத்தம் பாதியில் நின்றுவிடும். குதிக்காலால் டைனமோவைத் தட்டி விலக்கிவிட்டான் என்று அர்த்தம். வெளிச்சமும் போய்விடும். அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தால் வருவான் என்று தெரியாது. முதுகில் ஓர் அடி விழும், அல்லது பின்னலைப் பிடித்து ஓர் இழுவை, அல்லது அதைவிட மோசமாக ஒரு கை. காதுக்குள் ஓர் ஊத்தைச் சொல். அவன் எட்டிப் போன பிறகு டைனமோ மறுபடி பாடத் தொடங்கும். முகத்தை ஒருநாளும் பார்க்க முடிந்ததில்லை.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா சைக்கிள்காரனை மறிக்கப் போவதில்லை, என்னைத்தான் மறிப்பார். முள்ளில் சேலை விழுந்தாலும் சேலையில் முள் விழுந்தாலும் கிழிவது சேலைதான் என்பது அவருக்கு வேதவாக்கு. காடு வெட்டிக் குடியேறிய மனிதருக்கு, முள்ளை வெட்டலாம் என்று மட்டும் தோன்றாதது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

பௌதிக ஆசிரியரின் தமையன் கப்பலில் வேலை செய்தவர். ஒருமுறை லீவில் வந்தபோது சின்னப் படக் கமரா ஒன்றும் படம் காட்டுகிற மெசின் ஒன்றும் கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரேயொரு சுருள். ஓடினால் மூன்று நிமிடம்கூட வராது, சத்தமும் பதியாது. எடுத்து முடித்தால் கழுவுவதற்கு வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும். ஆசிரியர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, நாங்களே ஒரு படம் எடுப்போம், எங்கள் இடத்துப் பிரச்சினை ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். பெடியன்கள் ஆனையிறவு உப்பளம் என்றார்கள், குடிதண்ணீர் என்றார்கள். என் பக்கத்தில் இருக்கிற சிநேகிதி, முரசுமோட்டைக்காரி, வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள், எழும்பி நின்று, உங்கள் வகுப்பு முடிந்து பெட்டைகள் வீட்டுக்குப் போகிற கதையை எடுங்கோ என்று சொல்லிவிட்டாள். ஆசிரியர் சுருளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதையே எடுப்போம் என்றார்.

வகுப்பில் கவிதை எழுதுகிற ஒருவன் கதை எழுதிக்கொண்டு வந்தான். பெண் தனியாக நடந்து வருகிறாள். கயவன் வழிமறிக்கிறான். அண்ணன் எங்கிருந்தோ பாய்ந்து வந்து கயவனைப் புரட்டி எடுக்கிறான். தங்கை அண்ணன் தோளில் விழுந்து அழுகிறாள். கடைசியில் கரும்பலகையில் எழுதிய வாசகம் ஒன்று திரையில் வரும்: ‘பெண்ணே, பொழுதுபட முன் வீடு செல்.’ எல்லோரும் கைதட்டினார்கள். பெற்றோர் தினத்தில் காட்டுவதற்கு நல்ல புத்திமதி என்று ஆசிரியரும் தலையாட்டினார்.

அந்தப் பெண்ணாக நடிக்க என்னைத்தான் கேட்டார்கள். நான் மாட்டேன் என்றேன்.

“சேர், பொழுதுபட முன்னம் வீட்டை போறதெண்டால் நான் உங்கட வகுப்பின்ர பாதியில எழும்ப வேணும்” என்றேன். “இந்தப் படத்தைப் பாத்தால் எங்கட அப்பா அடுத்த நாளே என்னை மறிச்சுப்போடுவார்.”

கவிஞர் பெருமான் சிரித்தார். ஒரு படத்துக்காக யாராவது படிப்பை நிறுத்துவார்களா என்றார். அவர் வீடு பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் இருந்தது. அவருக்கு எல்லாம் சிரிப்புத்தான்.

ஆசிரியர் வேறு இரண்டு பேரை நடக்கவிட்டுப் பார்த்தார். ஒருத்தி மணவறைக்குப் போகிற பெண் மாதிரித் தலை குனிந்து நடந்தாள். மற்றவள் கமராவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். ஒரு கிழமை கழித்து ஆசிரியர் என் மேசைக்கு வந்தார்.

“சரி, நீர் சொல்லும். எப்பிடி முடிக்கிறது?”

“அவன் அடிச்சுப்போட்டுப் போறான். அவள் விழுந்த கொப்பியளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டை போறாள். அடுத்த நாளும் வகுப்புக்கு வாறாள். அவ்வளவுதான் சேர்.”

அண்ணன் இல்லையா என்று பின்வாங்கில் இருந்து யாரோ கேட்டார்கள். இல்லை என்றேன். புத்திமதியும் இல்லை என்றேன். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படி முடிந்தால் சனத்துக்கு என்ன விளங்கும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு, சரி பார்ப்போம் என்றார். அந்தச் ‘சரி’ எனக்குப் போதுமாக இருந்தது.

அண்ணன் வேடம் போனதும் பெடியன்களின் ஆர்வமும் பாதி போய்விட்டது. சைக்கிள்காரனாக நடிக்கக் கடைசிவரை ஆள் கிடைக்காததால், என் சிநேகிதியே தன் தமையனின் சாரத்தை உடுத்து, தலைமயிரை மடித்துக் கட்டிக்கொண்டு ஆம்பிளைச் சைக்கிளில் ஏறினாள். காலும் முதுகும் மட்டும்தான் படத்தில் தெரியும். இருட்டில் அந்தக் கமராவுக்குக் கண் தெரியாது. ஆகவே வெயில் சாய முன்னம் எடுத்துவிட்டு, இரவு மாதிரித் தெரிய வில்லைக்கு முன்னால் நீலக் கண்ணாடித்தாள் பிடித்தார்கள். முதுகில் மெல்லத் தட்டு என்றுதான் சிநேகிதிக்குச் சொல்லியிருந்தோம். வேகத்தில் கை பலமாக விழுந்துவிட்டது. நான் உண்மையாகவே தடுமாறினேன், கொப்பிகள் உண்மையாகவே சிதறின. சுருளை வீணாக்க வழியில்லை. அதுவே படத்திலும் வந்தது.

மாதக் கணக்கில் காத்திருந்தோம். சுருள் திரும்பி வந்த அன்றைக்கு ஆய்வுகூட யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தோம். எனக்கு மனம் விட்டுப்போயிற்று. நீலத்தாள் புண்ணியத்தில் வாய்க்கால் வீதி மழைக்காலம் மாதிரி இருந்தது. ஒரு பெட்டை நடக்கிறாள், பின்னால் சைக்கிள் வருகிறது, ஒரு தட்டு, அவ்வளவுதான். பெடியன்கள் சிரித்தார்கள். இதற்கா பயந்தனீர் என்று கவிஞர் கேட்டார். நான் படுகிற பயத்தில் ஒரு துளிகூட அந்தத் திரையில் இல்லை. அப்பா இதைப் பார்த்தால் பயப்படவும் மாட்டார், விளங்கிக்கொள்ளவும் மாட்டார். ஊர் முன்னால் தன் மகள் முதுகில் ஒருத்தன் கைவைத்தான் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். வகுப்புக்கு அதுவே கடைசி நாளாக இருக்கும்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. படத்தில் என்ன குறை என்று யோசித்தபடி கிடந்தேன். விடியும்போது பிடிபட்டது. படத்துக்குச் சத்தம் இல்லை. எனக்குப் பயம் வருகிறது கண்ணால் அல்ல, காதால்.

படம் ஓடும்போது சைக்கிள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தவேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டேன். இந்த முறை அவர் ஏன் என்று கேட்கவில்லை.

பெற்றோர் தினம் வந்தது. மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம் கதிரைகளில், பெண்கள் மறுபக்கம் பாய்களில். அப்பா தோய்த்த சேட்டுப் போட்டு முன்வரிசையில் இருந்தார். மகள் படத்தில் நடித்திருக்கிறாள் என்பது தெரியும், என்ன படம் என்பது தெரியாது. அம்மா வயலால் வந்து முகம் கழுவிய கையோடு, குடியேற்றத்துப் பெண்களோடு இருந்தாள். வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தோம். அதன் ஓரத்தில் சைக்கிளைப் பின்சில்லு நிலத்தில் படாமல் ஸ்ராண்டில் ஏற்றி, விளக்கு சனத்தைப் பார்க்கும்படி நிறுத்தினோம். சிநேகிதி ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டாள். நான் பெடலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். அப்பாவின் முகம் அங்கிருந்தே தெரிந்தது. ஆனாலும் விட்டுவிட்டு எழும்புகிற எண்ணம் வரவில்லை.

விளக்கை அணைத்தார்கள். திரையில் நான் நடந்தேன். கையால் பெடலை மெதுவாகச் சுற்றத் தொடங்கினேன். டைனமோ கிர்ரென்றது, சைக்கிள் விளக்கு மங்கலாக எரிந்து பிறகு பிரகாசமானது. ஆண்கள் பக்கத்தில் யாரோ பகிடி விட்டார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் இன்னும் வேகமாகச் சுற்றினேன். திரையில் சைக்கிள் என்னை நெருங்கியது. டைனமோவைத் தட்டி விலக்கினேன். சத்தமும் வெளிச்சமும் ஒன்றாக நின்றன.

பெண்கள் பக்கத்தில் மூச்சு இழுபட்டது. ஒருத்தியுடைய மூச்சல்ல, அந்தப் பக்கம் முழுவதும். யாரோ ஒரு மனுசி, கத்தாமல், தன்னை அறியாமல், “வந்திட்டான்” என்றாள்.

திரையில் அடி விழுந்ததையும் கொப்பிகள் சிதறியதையும் ஆண்களில் எத்தனை பேர் பார்த்தார்களோ தெரியாது. இருட்டில் கதிரைகள் கிறீச்சிட்டன. அவர்கள் திரும்பிப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் முடிந்து விளக்கு வந்தபோதும் ஒருவரும் கைதட்டவில்லை. கிழவிகள், பிள்ளைத்தாய்மார், கடைக்காரர் மனுசிமார், எல்லோரும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். நான் அதுவரைக்கும் அது என் ஒருத்தியின் காதில் மட்டும் விழுகிற சத்தம் என்று நினைத்திருந்தேன். வெட்கமும் ஆறுதலும் ஒன்றாக வந்தன.

வீட்டுக்கு வாய்க்கால் வீதியால்தான் நடந்தோம். அப்பா ரோச் லைற்றோடு முன்னால், அம்மா நடுவில், நான் பின்னால். பாதி வழியில் அப்பா திரும்பாமலே சொன்னார்.

“நாளையிலருந்து பின்னேர வகுப்பு வேணாம்.”

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தப் போகிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா நின்றுவிட்டாள். அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்கும் அவள் குரல் உயரவில்லை.

“அந்தச் சத்தம் எனக்கும் தெரியும். சூடடிச்சுட்டு இருட்டுல வாறப்ப எத்தன தரம் கேட்டுருக்கேன். ஒங்களுக்கு அது தெரியாதா?”

ரோச் வெளிச்சம் அப்பாவின் காலடியிலேயே நின்றது.

“என்னைய ஒரு நாளாச்சும் வேலைக்குப் போகாதேன்னு நிப்பாட்டுனீங்களா? நாஞ் சம்பாரிக்கப் போறப்ப இந்த ரோடு நல்ல ரோடு. அவ படிக்கப் போறப்ப மட்டும் கெட்ட ரோடா?”

அப்பா வெளிச்சத்தை எங்களுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி, எங்களை முதலில் போகவிட்டார். நானும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம்.

அடுத்த நாள் பின்னேரம் நான் வகுப்புக்குப் போனேன். ஆசிரியர் கரும்பலகையை அழிக்கும் வரைக்கும் இருந்துவிட்டுத்தான் எழும்பினேன்.