அன்டன் போன மாநிலங்கள்

கிறேஸ் வேலை செய்வது செயின்ட்-மிஷேலில் ஒரு சலவைத் தொழிற்சாலையில். ஹோட்டல்களின் விரிப்பும் துவாயும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வெளுத்து, மடித்து, அடுக்கி அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே நீராவி, அதே முதுகுநோவு. மன்னார்ப் பக்கத்துப் பேசாலையில் பிறந்து, மடு, இந்தியா என்று அலைந்து, கடைசியில் கணவன் அருமைராசா ஸ்பொன்சர் பண்ணி மொன்றியலுக்கு வந்து சேர்ந்தவள். வகுப்புக்குப் போய் பிரெஞ்சு படிக்க நேரமும் இருக்கவில்லை, பொறுமையும் இருக்கவில்லை. அவளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தது சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கும் ரீவி. மத்தியானங்களில் அதில் அமெரிக்க நாடகங்கள் பிரெஞ்சுக் குரலோடு ஓடும்.

நாடகங்களின் பெயர் அவளுக்கு ஒருநாளும் மனதில் நின்றதில்லை. மாநிலத்தை வைத்துத்தான் பிடித்துக்கொள்வாள். வயோமிங் என்றால் மாட்டுப் பண்ணை. தகப்பனும் மூன்று பிள்ளைகளும் காணிக்காக அடிபடுவார்கள். லூசியானா என்றால் சேறு, முதலை, சட்டை நனைய வியர்த்தபடி திரியும் ஒரு பொலிஸ்காரன். அரிசோனாவில் ஒரு பெண் ஷெரிப், அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். மினசோட்டாவில் கிழமைக்கு ஒரு பிணம் பனிக்குள்ளிருந்து எடுப்பார்கள். வீட்டுக்கு வந்து, "வயோமிங்காரன் மூத்தவனை அடிச்சுக் கலைச்சுப்போட்டான்" என்று சொல்வாள். "உனக்கு வேற வேலையில்லை" என்பார் அருமைராசா. சொல்லிவிட்டு, பிறகு என்ன நடந்தது என்றும் கேட்பார்.

இந்த ஒன்றுக்கும் உதவாத அறிவு ஒருநாள் எப்படி உதவப்போகிறது என்று யாருக்குத் தெரியும்? உதவாமலே போயிருக்கலாம்.

கார்த்திகை மாதத் தொடக்கத்தில் அருமைராசாவுக்குப் பாரிசவாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்துபோயிற்று. நினைவுக்கும் பேச்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுதான் ஒரே மகன் அன்டனுக்கு எல்லை கடந்து ஓடும் பெரிய லொறியில் வேலை சரிவந்தது. இருபத்தெட்டு வயது. மூன்று வருடமாகக் காத்திருந்த வேலை. முதல் பயணம் ஒஹாயோ.

"அப்பன் இஞ்சை கிடக்கிறன், நீ அமெரிக்கா பாக்கப் போறியோ?" என்று கட்டிலில் கிடந்தபடியே கத்தினார் அருமைராசா.

"பத்து நாள்தானேயப்பா. இதை விட்டால் வேற ஆளைப் போட்டிடுவாங்கள்."

"போ. போய் அங்கேயே இரு."

அன்டன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். அமெரிக்க எல்லைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கையில், ஒன்ராறியோ நெடுஞ்சாலையில், உறைபனியில் வழுக்கி வந்த இன்னொரு லொறி அவனுடைய லொறியில் மோதியது. ஒரு மாநிலத்தைக்கூட அவன் கண்ணால் காணவில்லை.

கிறேஸ் தரையில் விழுந்து கிடந்தபோது முடிவெடுத்தவர்கள் மற்றவர்கள். எங்கள் சனத்துக்கு இதில் ஒரு கெட்டித்தனம் உண்டு. நோயாளிக்குச் சாவு வீட்டுச் செய்தி சொல்லக்கூடாது. யார் செத்தாலும் "கொஞ்சம் கடுமையாம்" என்று இழுத்துக்கொண்டே போகவேண்டும். கிறேஸின் தமையன் செபஸ்தியாம்பிள்ளைதான் பொறுப்பெடுத்தார்.

"மச்சான் இப்ப இதைக் கேட்டால் அடுத்த பெட்டியும் நாங்கள்தான் தூக்கவேணும். ஆள் எழும்பட்டும், பேந்து பக்குவமாச் சொல்லுவம். அதுவரைக்கும் அன்டன் அமெரிக்காவில நிக்கிறான், சரியோ?"

சரியாம்! எல்லோரும் தலையாட்டினார்கள். பூசையை முடித்தார்கள், அடக்கம் பண்ணினார்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் அருமைராசாவுக்குத் தோடம்பழம் கொடுத்தார்கள். அவர் "அன்டன் எங்க நிக்கிறானாம்?" என்று கேட்டபோது, "ஒஹாயோவில" என்று சொன்னவள் பெற்ற தாய். அந்தச் சொல் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

பத்து நாள் போயிற்று. பக்குவமாகச் சொல்வதாகச் சொன்ன செபஸ்தியாம்பிள்ளை, வரும்போதெல்லாம் "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் தங்கச்சி" என்றார். அருமைராசா வீட்டுக்கு வந்தார். வீடு இரண்டாம் மாடி, வெளிப்பக்கம் வளைந்து இறங்கும் இரும்புப் படி. பனிக்காலத்தில் நல்ல காலுள்ளவனே கைபிடியைப் பிடித்து இறங்கும் படி அது. அருமைராசா வீட்டோடு சரி. கைபேசி கண்ணுக்குக் கூடாது என்று சொல்லி அதையும் வாங்கி வைத்தாயிற்று. பிறகு கிறேஸ் சொல்வதுதான் உலகம்.

அன்டனுடைய போன் களவு போய்விட்டது என்றாள். அங்கே இன்னொரு கொம்பனி நல்ல சம்பளத்துக்கு எடுத்துவிட்டது என்றாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தனக்கு எடுத்துக் கதைத்தான் என்றாள். எங்கே நிற்கிறானாம் என்று அவர் கேட்பார். அவள் அன்று பார்த்த நாடகத்தைத் திறப்பாள்.

"வயோமிங்கில. றோட்டுக்குக் குறுக்கால பெரிய மான் கூட்டமாம். அரை மணித்தியாலம் லொறியை நிப்பாட்டிப்போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டவனாம்."

"சாப்பிட்டவனோ?"

"ஓம். ஒரு கிழவி கடையில சூப் குடிச்சவனாம். அவவும் மகனைப் பறிகுடுத்தவவாம், காசு வாங்கேல்லையாம்."

இதைச் சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். வேலைக்குப் பூச்சட்டையோடு போய், தொழிற்சாலைக் கழிப்பறையில் கறுப்புச் சட்டைக்கு மாறுவாள். திரும்பும்போது மறுபடியும் பூச்சட்டைக்கு மாறிக்கொள்வாள். அன்டனுடைய முப்பத்தோராம் நாள் பூசைக்கு, கருவாடு வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். வரும்வழியில் மறக்காமல் கருவாடும் வாங்கி வந்தாள். என்ன பிழைப்பு இது! பெற்றவள் வாய்விட்டு அழ ஒரு மூலை இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். மகன் அரிசோனாவில் வெயில் காய்கிறான் என்று சொல்கிற அந்தப் பத்து நிமிடம், அவளுக்கும் அவன் உயிரோடு இருந்தான். அந்த ருசி பிடித்துப்போயிற்று. அதுதான் அவள் செய்த பெரிய பிழை.

ஏனென்றால் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு வேறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. மான் பார்க்க நேரமிருக்கிறவனுக்கு அப்பனோடு ஒரு சொல் கதைக்க நேரமில்லையா? நத்தார்ப் பண்டிகைக்கு வரவில்லை. தை போயிற்று, மாசி போயிற்று. ஆஸ்பத்திரியில் கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையை இப்படி நெஞ்சில் வைத்திருப்பானா? முதலில் ஏங்கினார். பிறகு சலித்தார். பிறகு திட்டத் தொடங்கினார்.

"நன்றி கெட்ட நாய். நான் செத்தால்தான் வருவான். என்ன கிடைக்கும் எண்டு பாக்க."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ."

"நீதான் அவனுக்குச் செல்லம் குடுத்துக் கெடுத்தனி. என்ர கண்ணில முழிக்க வேண்டாமெண்டு சொல்லு. அவன் றோட்டில கிடந்து செத்தாலும் எனக்கென்ன?"

அன்று கிறேஸ் சோற்றுக் கோப்பையோடு அப்படியே நின்றாள். செபஸ்தியாம்பிள்ளைக்குப் போன் பண்ணி, "அண்ணை, அவர் பிள்ளையைச் சபிக்கிறார், என்னால ஏலாது, சொல்லப்போறன்" என்று அழுதாள். "விசரே உனக்கு? இப்பதான் ஆள் ஊண்டுகோலோட நடக்குது" என்றார் அவர். இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமாம்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறேஸ் பூசைக்குப் போய்த் திரும்பியபோது அருமைராசா ரீவிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"இப்ப ஒரு நாடகம் போனது" என்றார். "வயோமிங். மான் கூட்டம் றோட்டை மறிச்சது. லொறிக்காரன் இறங்கி நிண்டு பாத்தான். ஒரு கிழவி சூப் குடுத்தாள், காசு வாங்கேல்லை."

கிறேஸ் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அவன் உனக்கும் போன் எடுக்கிறேல்லை, என்ன? எங்களை ஒரேயடியா விட்டுட்டுப் போயிட்டான். நீ என்னைப் பேய்க்காட்டிக்கொண்டு இருந்திருக்கிறாய்." அவருடைய குரலில் கோபம் இல்லை. இரக்கம்தான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "பாவம் நீ. அவனைக் காப்பாத்த எவ்வளவு பொய் சொல்லியிருக்கிறாய். விடு கிறேஸ். எங்களுக்குப் பிள்ளையில்லை எண்டு நினைப்பம்."

அவள் அவருடைய காலடியில் உட்கார்ந்தாள். நான்கு மாதமாக மறைத்து வைத்திருந்ததைச் சொன்னாள். லொறி மோதியது, ஒன்ராறியோ, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டாம் கிழமை. சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. அருமைராசா கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"இது எந்த மாநிலத்து நாடகம்?"

"ஐயோ, உண்மையப்பா! என்ர பிள்ளையாணை உண்மை!"

"வெக்கக்கேட்டை மூட அவனைச் சாகடிக்கிறியே. வேண்டாம். இவ்வளவு தூரம் போகாதை. எங்க இருந்தாலும் இருக்கட்டும்."

கிறேஸ் எழும்பினாள். அறைக்குள் போய்ப் பழைய சூட்கேசைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் இருந்த பென் டிரைவை எடுத்தாள். சுவிஸிலும் மன்னாரிலும் உள்ள சனத்துக்குக் காட்ட, செபஸ்தியாம்பிள்ளை ஆள் பிடித்து எடுப்பித்த செத்தவீட்டு வீடியோ. எங்கள் சனம் கலியாணத்தையும் எடுக்கும், இதையும் எடுக்கும். அவள் அதை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. ரீவியில் செருகினாள்.

முதலில் கோயில் வந்தது. பிறகு பூக்கள். பிறகு பெட்டிக்குள் கோட் சூட்டோடு அன்டன். நெற்றியில் ஒரு பக்கம் பூசி மறைத்திருந்தார்கள். கமரா நிதானமாகச் சுற்றிவந்தது. வந்த ஒவ்வொருவர் முகத்திலும் நின்றது. செபஸ்தியாம்பிள்ளை. அவர் மனைவி. கீழ்வீட்டுக்காரர். தோடம்பழம் கொண்டுவந்தவர்கள், நத்தாருக்குக் கேக் கொண்டுவந்தவர்கள், இதே சோபாவில் இருந்து "அன்டன் இப்ப எங்க ஓடுறான்?" என்று சிரித்துக் கேட்டவர்கள். பெட்டியில் தலையை அடித்து ஓலமிடும் கிறேஸை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள்.

அருமைராசா இமைக்காமல் பார்த்தார். மண் போட்டு மூடும் வரைக்கும் பார்த்தார். படம் முடிந்து திரை நீலமாக நின்றது. மூச்சு நின்றுவிடுமோ என்று கிறேஸ் அவருடைய நெஞ்சில் கையை வைத்தாள். அது நிற்கவில்லை. இவ்வளவு நாளும் எல்லோரும் பயந்த அந்த இதயம் அடித்துக்கொண்டேதான் இருந்தது.

அவர் அவளுடைய கையை எடுத்து அப்பால் வைத்தார்.

"மண்ணுக்குள்ள கிடக்கிற பிள்ளையை நான் நாய் எண்டு திட்டினன்" என்றார். "ஒவ்வொரு நாளும் திட்டினன். நீ பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனி. ஒரு நாளாவது என்ர வாயைப் பொத்தியிருக்கலாமே, கிறேஸ்."

அருமைராசா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று பின்னேரம் அவள் கொண்டுபோய் வைத்த சோற்றை அவர் தொடவில்லை.